இடிக்கப்பட்ட மைதானமும் முறியடிக்க முடியாத சாதனையும்

இலண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் நதிக்கரைத் துறைமுகப் பகுதியை அண்டி, கஸ்டம் ஹவுஸ் என்றொரு குடியிருப்புப் பகுதி உண்டு. அங்குள்ள தெருக்கள் சிலவற்றின் பெயர்கள்: வில்கின்சன் றோட், யங் றோட், அட்கின்சன் றோட், ஹொஸ்கின்ஸ் குளோஸ். இவர்கள் அரசியல்வாதிகளோ படைத்தளபதிகளோ அல்லர். மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் ஓட்டவைத்தவர்களுமே. இக்குடியிருப்பு எழுந்த நிலத்தில் 1928ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டுவரை வெஸ்ட் ஹாம் விளையாட்டரங்கு இருந்தது.

இதே நியூஹாம் நகரப் பிரிவுக்குள்தான் எம்மவர்கள் செறிந்து வாழும் ஈஸ்ட் ஹாமும், முருகன் கோயில் அமைந்துள்ள மேனர் பார்க்கும் உள்ளன. அத்தெருக்களின் வழியே நாளாந்தம் சென்றுவரும் தமிழர்கள் பலர் இருப்பர். அப்பெயர்களுக்குப் பின்னால் ஒரு வரலாறும், இன்றுவரை தீராத ஒரு வழக்கும் இருப்பதை அவர்களும் அறிந்துகொள்வது நன்று.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். ஸ்பீட்வே எனப்படும் இப்போட்டியில் நால்வர் நான்கு சுற்றுகள் ஓடுவர். 500 சீசீ இயந்திரம், ஒரே கியர், பிரேக் அறவே கிடையாது. நீள்வட்டப் பாதையில் இடப்புறமாகவே திரும்புவர். வளைவில் பின்சக்கரத்தை வெளிப்புறமாக வழுக்கவிட்டு, இடது காலை நிலத்தில் ஊன்றியபடி செல்வதே இதன் கலை. முதலாமவருக்கு மூன்று புள்ளிகள், அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசியாக வருபவருக்கு ஏதுமில்லை. ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடத்திலோ சற்று அதிகமான நேரத்திலோ முடிந்துவிடும்.

அவுஸ்திரேலியாவின் மெய்ற்லண்டில் 1923ஆம் ஆண்டு இப்போட்டிகளை நடத்திப் புகழ்பெற்றவர் நியூஸிலாந்துக்காரரான ஜொனி ஹொஸ்கின்ஸ். 1928 பெப்ரவரியில் எப்பிங் காட்டின் ஹை பீச் என்ற இடத்தில் நடந்த போட்டியோடு இவ்விளையாட்டு பிரித்தானியாவெங்கும் காட்டுத்தீயாய்ப் பரவியது. கஸ்டம் ஹவுஸ் அரங்கு திறக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். கால்பந்து மைதானங்கள் பலவற்றை வடிவமைத்த ஆர்ச்சிபோல்ட் லீச் இதனையும் வடிவமைத்தார். ஹொஸ்கின்ஸ் 1930களில் இங்கு போட்டிகளை நடத்தினார்.

அவ்வரங்கில் கால்பந்தும் ஆடப்பட்டது. தேம்ஸ் அசோசியேஷன் என்ற கழகம் 1930 டிசம்பரில் அங்கே லூட்டன் ரவுண் அணியுடன் ஆடியபோது பார்வையாளர் வெறும் 469 பேர். இலட்சம் பேர் கூடக்கூடிய அரங்கு அது. ஆனால் மோட்டார் சைக்கிள்கள் ஓடிய இரவுகளில் துறைமுகத் தொழிலாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும் பல்லாயிரக்கணக்கில் திரண்டனர். அம்மக்களுக்கு இது சொந்த விளையாட்டு.

இனி வழக்கிற்கு வருவோம். அந்தப் பாதையில் மிக வேகமாக ஓடியவர் யார்? பழைய இரசிகர்கள் கூடும் இடங்களில் எல்லாம் எழும் கேள்வி இது. ஒரு தரப்பினர் 1930களின் புளூயி வில்கின்சனின் பெயரைச் சொல்வர். இன்னொரு தரப்பினர் 1951, 1952 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்ற ஜாக் யங் என்பர். மூன்றாம் தரப்பினருக்கு, 1965இல் பிரித்தானிய லீக் பட்டத்தை வென்ற அணியின் கென் மக்கின்லேயும், 1966 உலக இறுதிப் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற நோர்வேக்காரர் ஸ்வெர்ரே ஹார்ஃபெல்ட்டுமே நாயகர்கள். நேரப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் தீர்ந்துவிடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். தீராது. ஏன் என்பதுதான் சுவையானது.

முதலாவது, 'சாதனை' என்ற சொல்லே ஒன்றைக் குறிக்கவில்லை. ஆரம்ப காலத்தில் ஓடிக்கொண்டே தொடக்கக்கோட்டைக் கடந்து எடுத்த நேரம் வேறு, நின்ற நிலையிலிருந்து கிளச்சை விடுவித்துப் புறப்பட்டு எடுத்த நேரம் வேறு. ஒரு சுற்றுக்கு ஒரு கணக்கு, நான்கு சுற்றுக்கு வேறொரு கணக்கு. 1933ஆம் ஆண்டளவில் மேலெழும் நாடாக்களைக் கொண்ட தொடக்கவாயில் பிரித்தானியாவில் புழக்கத்துக்கு வந்தபின் நான்கு சுற்று நேரமே பாதையின் சாதனையாக நிலைபெற்றது. அதற்கு முந்திய நேரத்தையும் பிந்திய நேரத்தையும் அருகருகே வைப்பது தேங்காயையும் மாங்காயையும் ஒரே தராசில் நிறுப்பது போலாகும்.

இரண்டாவது, நேரத்தை அளந்தது மனிதனின் பெருவிரல். அக்காலத்து நிறுத்தற் கடிகாரங்கள் பொதுவாக ஐந்திலொரு வினாடிக்கு மேல் நுணுக்கம் காட்டவில்லை. மணிக்கு 65 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் ஒரு வினாடியில் 18 மீற்றர் கடப்பார். ஐந்திலொரு வினாடியில் மூன்றரை மீற்றருக்கு மேல் சென்றுவிடுவார். அதாவது, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள் ஒரு முழு மோட்டார் சைக்கிளே மறைந்துவிடும்! இரு வீரர்களின் சாதனைகள் அந்த ஒரு துடிப்பால் வேறுபடும்போது, வேறுபட்டது வீரரா, நேரங்காப்பாளரின் விரலா என்பதை யாரால் உறுதிசெய்ய முடியும்?

மூன்றாவது, பாதையின் நீளம். சுற்றின் நீளத்தை உட்கரைக்கு அண்மையிலுள்ள ஒரு கோட்டிலேயே அளப்பர். ஆனால் வீரர்கள் அக்கோட்டில் ஓடுவதில்லை. அக்கோட்டிலிருந்து ஒரு மீற்றர் வெளிப்புறமாக விலகி முழுச் சுற்றையும் ஓடினால் ஆறேகால் மீற்றர் கூடுதலாகிறது. நான்கு சுற்றில் 25 மீற்றர். உட்கரை சிறிது நகர்த்தப்பட்டாலும் இதே கதைதான்; பழைய சாதனை பொருளற்றதாகிவிடும். தளமோ கரித்தூளிலிருந்து உடைகல் தூளுக்கு மாறிய காலம் அது. புதிதாக வாரிவிடப்பட்ட தளத்தில் நடக்கும் முதல் ஓட்டங்களில் கிடைக்கும் நேரம், தளம் குழிந்துபோன கடைசி ஓட்டத்தில் எவ்வளவு திறமைசாலிக்கும் எளிதில் கிடைக்காது.

நான்காவது, இயந்திரம். டக்ளஸ், ரட்ஜ் என்பவற்றுக்குப் பின் 1930களின் தொடக்கத்தில் வந்த ஜே.ஏ.பி. இயந்திரம் மூன்று தசாப்தங்களுக்கு நெருக்கமாக ஆட்சி செய்தது. வில்கின்சனும் யங்கும் அதன் காலத்தவர்கள். 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஈஸோ இயந்திரம், பின்னர் ஜாவா என்ற பெயரில், அதன் இடத்தைப் பிடித்தது. எனவே 1960களின் நேரம் குறைவாக இருப்பின் அதில் வீரரின் பங்கு எவ்வளவு, இயந்திரத்தின் பங்கு எவ்வளவு என்பது பிரித்தறிய இயலாதது.

இவற்றைவிட ஆழமான ஒரு தடை உண்டு. நடைமுறையிலுள்ள ஒரு பாதையின் சாதனை அடுத்த வாரமே முறியடிக்கப்படலாம்; ஐயம் எழுந்தால் புதிய ஓட்டமே தீர்ப்பளித்துவிடும். இடிக்கப்பட்ட பாதைக்கு அந்த வாய்ப்பு இல்லை. கஸ்டம் ஹவுஸ் அரங்கு 1972 மே மாதத்துடன் மூடப்பட்டது. நான்கு வால்வுகளைக் கொண்ட வெஸ்லேக் இயந்திரம் 1975இல் வந்து இவ்விளையாட்டையே மாற்றியபோது அங்கே பாதை இல்லை. மான்செஸ்டரின் பெல் வ்யூ அணியினர் ஓடிய ஹைட் றோட் அரங்கோ 1987வரை நீடித்தது. ஆகவே அதன் கடைசிச் சாதனைகள் புதிய இயந்திரங்களின் காலத்தைச் சேர்ந்தவை. ஆக, மூடப்பட்ட மைதானத்தின் சாதனை நேரம் மனித ஆற்றலின் எல்லையைச் சொல்லவில்லை. அந்த நிலம் விற்கப்பட்ட ஆண்டையே சொல்கிறது.

எண்கள் நீதி வழங்கும் என்ற நம்பிக்கையை வில்கின்சனின் வாழ்வே கேள்விக்குள்ளாக்குகிறது. 1936இல் வெம்பிளியில் நடந்த முதலாவது உலக இறுதிப் போட்டியில் அவர் தமது ஐந்து ஓட்டங்களிலும் முதலாவதாக வந்தார். ஒருவராலும் தோற்கடிக்கப்படவில்லை. ஆயினும் முன்னோட்டப் போட்டிகளில் ஈட்டிய மேலதிகப் புள்ளிகளும் சேர்க்கப்பட்டதால் பட்டம் லயனல் வான் பிராக்குக்குப் போனது, வில்கின்சனுக்கு மூன்றாமிடம். 1938இல் அவர் அப்பட்டத்தை வென்றார். 1940இல் சிட்னியில் வீதி விபத்தொன்றில் மாண்டார்.

அணியின் முடிவும் துயரமானது. 1955இல் மூடப்பட்டு 1964இல் மீண்டெழுந்த அணி, 1970 ஜூலையில் ஒல்லாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து திரும்புகையில் பெல்ஜியத்தின் லோக்கெரன் அருகே வாகன விபத்தில் சிக்கியது. முன்னாள் வீரரும் முகாமையாளருமான ஃபில் பிஷப்பும் நான்கு வீரர்களும், வாகனச் சாரதியும் உயிரிழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்குள் அரங்கும் போயிற்று.

பின் எஞ்சியவை எவை? போட்டி இரவுகளில் விற்கப்பட்ட நிகழ்ச்சிநிரற் புத்தகங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதில் வெற்றுக் கட்டங்கள் இருக்கும். இரசிகர்கள் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் முடிவையும் நேரத்தையும் பென்சிலால் எழுதிக்கொள்வர். பத்திரிகைகளில் அச்சானது அதன் சுருக்கம் மட்டுமே. அச்சுக்கோப்பவர் ஓர் எண்ணை மாற்றிவைத்தால் அதுவே வரலாறாகிவிடும் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்கள் நன்கறிவர். அலுமாரிகளுக்குள்ளும் பரண்களிலும் கிடந்த அப்பென்சில் குறிப்புகளே இவ்வழக்கின் சாட்சியங்கள். ஆவணக் காப்பகம் ஒன்றை எந்த நிறுவனமும் அமைத்துக் கொடுக்காத வேளையில் சாதாரணத் தொழிலாளர்கள் தாமாகவே அதனை எழுதி வைத்தனர்.

எனவே இந்த விவாதத்தை வயோதிபர்களின் வீண்பேச்சு என்று ஒதுக்கிவிடல் தகாது. ஒருவர் ஒரு நேரத்தைச் சொல்ல, மற்றவர் தமது புத்தகத்தை எடுத்து மறுக்க, மூன்றாமவர் அன்று மழை பெய்ததை நினைவூட்டுகிறார். அவ்வாறு மறுக்கும் ஒவ்வொரு தடவையும், தரைமட்டமாக்கப்பட்ட ஒரு அரங்கின் வளைவும் தளமும் வானிலையும் பதிவாகின்றன. இணக்கம் ஏற்பட்டிருந்தால் இவ்வளவு விபரங்களை யாரும் தேடியிருக்கமாட்டார்கள். வழக்குத் தீராதிருப்பதே அந்த மைதானத்துக்குக் கிடைத்த ஆயுள் நீட்டிப்பு.

வில்கின்சன் றோட்டால் நடந்து செல்லும் நம்மவர் அடுத்தமுறை பெயர்ப்பலகையை ஒருதரம் நின்று பார்க்கட்டும். ஊர்ப் பெரியவர்களிடம் கேள்விகளும் கேட்கட்டும். அவர்களுடைய பரணில் ஒரு பழைய புத்தகம் இன்னும் கிடக்கக்கூடும்.