படமும் குரலும்: மழலையர் நூல்தேர்வின் வரலாறு

1844ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பிராங்க்பர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிக் ஹாப்மன், தம் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு படநூல் வாங்கக் கடைவீதிக்குச் சென்றார். அங்கே கண்ணிற்பட்டவை நீண்ட கதைகளும், நல்ல குழந்தை எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்று போதிக்கும் அறவுரைகளுமே. அவர் ஒரு வெற்றுக் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். தாமே படம் வரைந்தார். தாமே பாட்டும் எழுதினார். அடுத்த ஆண்டு அச்சேறிய அந்நூலே, தலைவாராச் சிறுவன் ஒருவன் பெயரால் உலகறிந்த ‘ஸ்ட்ரூவெல்பீட்டர்’. அறவுரை நூல்களை வெறுத்தொதுக்கியவர் எழுதிய அந்நூலில், விரல் சூப்பும் சிறுவனின் கட்டைவிரல்களைத் தையற்காரன் கத்தரிக்கோலால் வெட்டிவிடுகின்றான்! மழலையர்க்கு நூல் தேடுவோர் எது வேண்டா என்பதை விரைவில் உணர்ந்துவிடுகின்றனர். எது வேண்டும் என்பதிலேதான் இடர்ப்படுகின்றனர்.

அதே நகரில் 1749இல் பிறந்தவர் கவிஞர் கதே. தம் இளமையில் குழந்தைகளுக்கென எழுந்த நூல்கள் இல்லை என்றும், ஒரே ஒரு நூல் மட்டும் விதிவிலக்கு என்றும் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் குறிப்பிடுகின்றார். அந்த ஒரு நூல், 1658இல் நியூரம்பர்க் நகரில் வெளிவந்த ‘ஓர்பிஸ் பிக்டஸ்’. ‘படத்தில் உலகம்’ என்பது அப்பெயரின் பொருள். ஆசிரியர் யான் ஆமோஸ் கொமேனியஸ் மொராவிய நாட்டவர், சமயத்தலைவர், கல்வியாளர்.

அந்நூலின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் ஒரு மரச்செதுக்குப் படம். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டுள்ளன. கீழே இலத்தீனிலும் ஜெர்மன் மொழியிலும் அமைந்த தொடர்களில் அவ்வெண்களே மீண்டும் வருகின்றன. குழந்தையின் விரல் படத்துக்கும் சொல்லுக்கும் இடையே சென்றுசென்று மீளும். நூலின் தொடக்கமோ இன்னும் சுவையானது. எழுத்துகளை அறிமுகப்படுத்தும் பக்கத்தில் காகம் கரைகின்றது, ஆட்டுக்குட்டி கத்துகின்றது, ஒவ்வோர் உயிரின் ஒலிக்கும் எதிரே ஓர் எழுத்து நிற்கின்றது. எழுத்தின் வடிவத்தை அதன் ஒலி வழியே குழந்தை அடைகின்றது. இப்பக்கத்தை வாய்மூடிப் படித்தல் இயலாது. கற்பிப்பவர் காகமாகவும் ஆடாகவும் மாறியே தீரவேண்டும். (பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. விரல் நிலவைச் சுட்ட, குரல் அதனை அழைக்க, இரண்டிற்கும் இடையே குழந்தை வீற்றிருக்கும் காட்சியன்றோ அது!)

பள்ளிக்கு அனுப்புமுன் வீட்டிலேயே இந்நூலைக் குழந்தைகள் கையில் கொடுத்துவிடுக, அவர்கள் விரும்பியவாறு படம் பார்த்து மகிழட்டும் என்று முன்னுரையில் கொமேனியஸ் கூறுகின்றார். மனப்பாடமே கல்வி எனப்பட்ட காலத்தில் எழுந்த கருத்து இது. குழந்தையின் முதல் ஆறாண்டுகளைத் தாய்மடிப் பள்ளியாகக் கொண்டு, 1633இலேயே அதற்கெனத் தனிநூல் வெளியிட்டவர் அவர் என்பதையும் இங்கு நினைதல் தகும்.

இத்தகைய நூலை எழுதியவரின் வாழ்வு துயர் மிக்கது. 1622இல் மனைவியையும் இரு குழந்தைகளையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். சமயப் பகையால் நாட்டை விட்டு வெளியேறிப் போலந்தின் லெஷ்னோ நகரில் தங்கினார். அந்நகரும் 1656இல் தீக்கிரையானபோது, பல்லாண்டு உழைத்துத் தொகுத்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப்படி எரிந்துபோயிற்று. ஓர்பிஸ் பிக்டஸோ அதற்கு முன்னரே ஹங்கேரியில் தங்கியிருந்த காலத்தில் உருவானது. படம் செதுக்க வல்லார் ஆங்குக் கிட்டாமையால் நியூரம்பர்க்கில் அச்சேறியது.

இப்பின்னணியை அறிந்தார்க்கே அந்நூலின் பொருளடக்கம் விளங்கும். மலரும் பறவையும், தச்சனும் அப்பம் சுடுவோனும் நிறைந்த அதே நூலில் முற்றுகையிடப்பட்ட நகரமும் உண்டு. பிணம் புதைக்கும் சடங்கும் உண்டு. குற்றவாளிகள் தூக்கிலும் சக்கரத்திலும் வதைபடும் காட்சியும் உண்டு. உலகின் துயரைக் குழந்தையிடம் மறைத்தல் நேர்மையன்று என அவர் கருதினார் போலும். கருத்து ஏற்கத்தக்கதே. எனினும் அந்த வதைப்படத்தை இன்று ஐந்து வயதுக் குழந்தையின்முன் விரித்துவைக்க யாரும் துணியார்; துணியாமையே முறை. உண்மையை மறையாதிருத்தல் ஒன்று. அதனைக் குழந்தை தாங்கும் அளவில் தருதல் வேறொன்று. பின்னதற்கு வழிகண்டவர் ஓர் ஆங்கிலேய ஓவியர்.

ராண்டால்ப் கால்டிகாட் வங்கி எழுத்தராக வாழ்வைத் தொடங்கியவர். அச்சாளர் எட்மண்ட் எவன்ஸ் துணையோடு 1878 முதல் ஆண்டுக்கு இரண்டாக 16 படநூல்களை ஆக்கி, 40 வயது நிரம்புமுன் 1886இல் மறைந்தார். 1882இல் அவர் எடுத்துக்கொண்ட பழைய மழலைப்பாட்டு ஒன்றில், தட்டு கரண்டியோடு ஓடிப்போவதோடு பாட்டு முடிந்துவிடுகின்றது. கால்டிகாட் அதற்குப்பின் சொல்லே இல்லாத ஒரு படத்தைச் சேர்த்தார். அதில் தட்டு உடைந்து கிடக்கின்றது. கத்தியும் முள்கரண்டியும் கரண்டியை இழுத்துச் செல்கின்றன. படிப்பவரின் குரல் நின்றுவிடும் அந்த இடத்தில் குழந்தை பேசத் தொடங்குகின்றது. தட்டு ஏன் உடைந்தது? யார் உடைத்தார்? நூலில் விடை இல்லை. கொமேனியஸின் தூக்குமரத்தினும் இந்த உடைந்த தட்டு குழந்தைக்கு மிகுதியாக உணர்த்தும் என்பதில் ஐயமில்லை.

அமெரிக்க நூலகச் சங்கத்தார் சிறந்த படநூலுக்கு 1938 முதல் அளித்துவரும் பதக்கம் கால்டிகாட் பெயரையே தாங்கியுள்ளது. 1964இல் அதனைப் பெற்றவர் மாரிஸ் செண்டாக். முந்தைய ஆண்டு வெளிவந்த அவருடைய நூலில், குறும்பு செய்த சிறுவன் மேக்ஸை இரவுணவு இன்றிப் படுக்கைக்கு அனுப்பிவிடுகின்றாள் தாய். அவன் சினம் கற்பனையில் காடாக வளர்கின்றது. கொடிய உருவங்கள் தோன்றுகின்றன. உணவளிப்பவளே உணவை மறுத்தல் பிஞ்சுள்ளத்தை அச்சுறுத்தும் என உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைம் 1969இல் கண்டித்தார். குழந்தைகளோ அந்நூலை விடவில்லை. சினம் பெருகப் பெருகப் படங்களும் பக்கத்தில் பெருகுகின்றன. உச்சத்தில் மூன்று விரிபக்கங்களில் சொல்லே இல்லை. பின்னர்ப் படங்கள் மெல்லச் சுருங்குகின்றன. மேக்ஸ் தன் அறைக்குத் திரும்புகின்றான். இரவுணவு அங்கே காத்திருக்கின்றது. இறுதிப் பக்கத்தில் படமே இல்லை. அவ்வுணவின் சூடு ஆறவில்லை என்பதை உரைக்கும் சில சொற்களே வெற்றுத்தாளில் நிற்கின்றன. அவற்றைக் குழந்தைக்குச் சொல்ல, அருகிருந்து படிப்பவரின் குரல் ஒன்றே உள்ளது.