பெருநகரப் பகுதி: வரையறைகளும் அளவீடும்

பெருநகரப் பகுதி என்பது ஒரு மைய நகரமும், அதனோடு கட்டடத் தொடர்ச்சியாலோ வேலை, படிப்பு, சந்தை போன்ற அன்றாட உறவுகளாலோ பிணைந்த சுற்றுவட்டார ஊர்களும் சேர்ந்த நிலப்பரப்பு. இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த அளவுக்குப் பிணைந்திருந்தால் ஓர் ஊரை அதில் சேர்க்கலாம் என்று கேட்கும்போதுதான் நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை விடை மாறுகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் மக்கள்தொகைப் பிரிவு 2018-இல் வெளியிட்ட உலக நகரப் பட்டியலில் டோக்கியோ சுமார் 3.7 கோடிப் பேருடன் முதலிடத்தில் இருந்தது. ஜகார்த்தாவுக்கு ஒரு கோடிக்குச் சற்று மேல். அதே பிரிவு 2025-இல் வெளியிட்ட பட்டியலில் ஜகார்த்தா ஏறத்தாழ 4.2 கோடியுடன் முதலிடத்துக்கும், டாக்கா சுமார் 3.7 கோடியுடன் இரண்டாமிடத்துக்கும் வந்தன. டோக்கியோ 3.3 கோடியுடன் மூன்றாமிடத்துக்கு இறங்கியது. ஏழாண்டுகளில் மூன்று கோடிப் பேர் ஜகார்த்தாவில் குடியேறிவிடவில்லை. முன்பு ஒவ்வொரு நாடும் தன் வழக்கப்படி வகுத்த எல்லையை ஐ.நா. பெரும்பாலும் அப்படியே ஏற்றது. 2025-இல் எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோலை வைத்தது. தரவரிசையைப் புரட்டிப்போட்டது அந்த அளவுகோல்.

இதிலிருந்து நகர எண்ணிக்கைகள் எல்லாமே பொய் என்று முடிவுகட்டுவது அவசரம். பெருநகரத்தின் எல்லை யார், எதற்காக அளக்கிறார் என்பதைப் பொறுத்தே வரையப்படுகிறது. ஒவ்வோர் எல்லைக்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விக்கு எல்லை பொருந்துகிறதா என்று சோதிக்க முடியும். ஒரு கேள்விக்காக வரைந்த எல்லையை வேறொரு கேள்விக்கு எடுத்தாள்வதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன. உலகில் இன்று வழக்கிலுள்ள முறைகளை நிர்வாக எல்லை, கட்டடத் தொடர்ச்சி, அன்றாடப் பயணம் என மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

நிர்வாக எல்லை

சட்டம் வகுத்த எல்லையை அப்படியே எடுத்துக்கொள்வது மிக எளிய முறை. சொத்துவரி யாருக்குக் கட்டுவது, குப்பையை யார் அள்ளுவது, எந்த வார்டுக்கு யார் உறுப்பினர் என்ற கேள்விகளுக்கு இந்த எல்லையே விடை; வேறெந்தப் புள்ளியியல் கோடும் அந்த வேலையைச் செய்யாது. ஆனால் நகரம் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு அது பொருந்துவது அரிது. சீனாவின் சோங்சிங் 1997 முதல் நடுவண் அரசின் நேரடி ஆட்சியிலுள்ள மாநகரம். 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை சுமார் 3.2 கோடி. உலகின் மிகப் பெரிய நகரம் என்று அதைச் சொல்வோர் உண்டு. அதன் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது இலங்கையை விடப் பெரியது; அதற்குள் மலைகளும் வயல்களும் தனித்தனி ஊர்களும் அடக்கம். எதிர்முனையில், லண்டனின் பழைய மையமான சிட்டி ஆஃப் லண்டன் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே குடியிருப்போர் சில ஆயிரம் பேர்தான். டோக்கியோ பெருநகர அரசின் எல்லைக்குள் பசிபிக் கடலில் சுமார் 1,000 கிலோமீட்டர் தெற்கேயுள்ள ஒகசவாரா தீவுகளும் வருகின்றன.

நிர்வாக எல்லையை மட்டும் நம்பினால் நகரம் வளர்ந்தபோதும் புள்ளிவிவரத்தில் சுருங்கலாம். இலங்கையில் மாநகர சபை, நகர சபை ஆகியவற்றின் எல்லைக்குள் இருப்பவையே நகரப் பகுதிகளாகக் கணக்கிடப்படுகின்றன. 1987-இல் பட்டின சபைகள் கலைக்கப்பட்டு அவற்றின் பகுதிகள் பிரதேச சபைகளுக்குள் போனபோது, அங்கு வாழ்ந்தவர்கள் வீடு மாறாமலே கிராமத்தவர் ஆனார்கள். 1981-இல் 21.5 விழுக்காடாக இருந்த நகர மக்கள்தொகை 2012 கணக்கெடுப்பில் 18.2 விழுக்காடாகப் பதிவாயிற்று. அந்த முப்பது ஆண்டுகளில் கொழும்பைச் சுற்றிய மேல் மாகாணம் எப்படிப் பெருகியது என்பதை அறிந்தவர் எவரும் நகரமயம் பின்வாங்கியது என்று சொல்ல மாட்டார்.

கட்டடத் தொடர்ச்சி

இரண்டாவது முறை சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் நகரத்தைப் பின்தொடர்கிறது. பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்சே, கட்டடங்களுக்கு இடையே 200 மீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல், குறைந்தது 2,000 பேர் வாழும் பகுதியை ஒரே நகர அலகாகக் கொள்கிறது. இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 'நகர்ப்புறத் திரள்' என்ற அலகைப் பயன்படுத்துகிறது. ஒரு நகரமும் அதை ஒட்டி வளர்ந்த ரயில்வே குடியிருப்பு, பல்கலைக்கழக வளாகம், துறைமுகப் பகுதி போன்ற புறவளர்ச்சிகளும், அல்லது ஒன்றையொன்று தொட்டு நிற்கும் பல நகரங்களும் ஒரு திரளாகின்றன. அதில் சட்டப்படியான நகரம் ஒன்றாவது இருக்க வேண்டும். ஊராட்சியாகவே ஆளப்படும் ஓர் ஊரும் மூன்று நிபந்தனைகளை நிறைவு செய்தால் 'கணக்கெடுப்பு நகரம்' ஆகிவிடும்: குறைந்தது 5,000 மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் முழுநேர உழைப்பாளர்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருப்பது.

இந்த விதிகள் என்ன செய்யும் என்பதற்குக் கேரளத்தின் மலப்புறம் நல்ல சான்று. 2001-இல் மலப்புறம் திரளின் மக்கள்தொகை சுமார் 1.7 லட்சம், 2011-இல் ஏறத்தாழ 17 லட்சம். நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் 2011-இலும் ஒரு லட்சம்தான். இடைப்பட்ட பத்தாண்டுகளில் கேரளத்தில் கணக்கெடுப்பு நகரங்கள் 99-இலிருந்து 461 ஆயின. அவை ஒன்றையொன்று தொட்டபோது திரள்கள் ஒரே தாவலில் பெருத்தன. 2001-இல் கொச்சி மட்டுமே பத்து லட்சத்தைத் தாண்டிய மாநிலத்தில் 2011-இல் அப்படி ஏழு திரள்கள் இருந்தன. இந்தத் தொடர்வரிசையை அடிப்படையாகக் கொண்டு ஐ.நா. செய்த மதிப்பீட்டை வைத்து 2020-இல் வெளியான பட்டியல் ஒன்று, உலகிலேயே மிக வேகமாக வளரும் நகரம் மலப்புறம் என்றது. பட்டியலைத் தயாரித்தவர்கள் கணக்கில் பிழை செய்யவில்லை. வேளாண்மையை விட்டு மக்கள் நகர்ந்ததை நகரத்துக்கு மக்கள் குவிந்ததாக அது வாசகருக்குக் காட்டிவிட்டது.

கட்டடத் தொடர்ச்சி தரும் விடை வேறு இடங்களில் குறைந்தும் போகும். இந்தியக் கணக்கெடுப்பில் ஒரு திரள் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் 2011-இன் தில்லித் திரளான 1.63 கோடியில் குருகிராம், நொய்டா, காசியாபாத், ஃபரிதாபாத் எதுவும் இல்லை; ஐ.நா.வின் 2018 பட்டியலிலிருந்த சுமார் 2.85 கோடி, இவற்றையும் சேர்த்து 2018-க்கு மதிப்பிட்ட எண். லண்டனிலோ நகரைச் சுற்றிய பசுமை வளையம் கட்டடங்களை நிறுத்திவிட்டது, ரயில்களை நிறுத்தவில்லை. வளையத்துக்கு அப்பாலிருந்து தினமும் லண்டனுக்கு வந்து உழைப்பவர்கள் கட்டடத் தொடர்ச்சியின் கணக்கில் லண்டனைச் சேராதவர்கள்.

அன்றாடப் பயணம்

அந்த ரயில் பயணிகளைக் கணக்கில் கொள்ளவே மூன்றாவது முறை பிறந்தது: மைய நகருக்கு எத்தனை பேர் வேலைக்குப் போய்வருகிறார்கள் என்று பார்த்து எல்லை வகுப்பது. அமெரிக்கா 1910 கணக்கெடுப்பிலேயே பெருநகர மாவட்டங்களைத் தனியே கணக்கிட்டது; 1949-இல் அரசுத் துறைகள் அனைத்துக்கும் பொதுவான வரையறையை ஏற்படுத்தியது. இன்றைய விதிப்படி 50,000 பேருக்குக் குறையாத நகர மையம் ஒன்று வேண்டும். சுற்றியுள்ள ஒரு கவுண்டியில் (மாநிலத்தின் உட்பிரிவான நிர்வாக அலகு) வேலை செய்வோரில் 25 விழுக்காட்டினர் மையத்துக்குப் போனாலோ, அங்குள்ள வேலைகளில் 25 விழுக்காட்டுக்கு மையத்திலிருந்து ஆள் வந்தாலோ அந்தக் கவுண்டி முழுதும் சேரும். கனடாவில் வெளிச்செல்வோருக்கான வரம்பு 50 விழுக்காடு. பிரான்ஸ் 40 விழுக்காடு வைத்திருந்தது. 2020-இல் அதை 15 ஆக்கியது. ஜப்பானியப் புள்ளியியல் துறையோ வேலைக்கும் படிப்புக்கும் போவோர் ஊரின் மொத்த மக்கள்தொகையில் 1.5 விழுக்காடு இருந்தாலே போதும் என்கிறது. பிற நாடுகள் உழைப்போரை வகுஎண்ணாகக் கொள்ள, ஜப்பான் குழந்தைகளும் முதியோரும் சேர்ந்த மொத்தத்தைக் கொள்கிறது; இந்த வேறுபாட்டைக் கழித்தாலும் அதன் வரம்பு மிகத் தளர்வானது. 2018 வரை டோக்கியோ யாரும் நெருங்க முடியாத உயரத்தில் நின்றதில் இந்தத் தளர்வுக்கும் பங்குண்டு.

பெருநகரத்தின் உண்மையான எல்லை இதுதான், மற்றவை தோராயமே என்று வாதிடுவோர் உண்டு. வீட்டுச் சந்தை, தொழிலாளர் சந்தை, புறநகர் ரயில் ஆகியவற்றைத் திட்டமிட இதைவிடச் சிறந்த எல்லை இல்லை என்பது உண்மை. ஆயினும் இது அளப்பது ஒரே ஓர் உறவைத்தான். மருத்துவமனைக்கும் மொத்த அங்காடிக்கும் வருவோர், வீட்டிலிருந்தே வேலை செய்வோர், இன்று ஒரு தளம் நாளை ஒரு தளம் என்று போகும் கட்டடத் தொழிலாளர் இதில் சரியாகப் பிடிபடுவதில்லை. அடுத்து, எந்த அலகைச் சேர்ப்பது என்ற சிக்கல். அமெரிக்காவில் கவுண்டியே செங்கல் என்பதால், அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் 'பெருநகரம்' கோகனீனோ கவுண்டி முழுவதும் பரவியிருக்கிறது: கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி உட்படச் சுமார் 48,000 சதுர கிலோமீட்டர், கேரளத்தை விட அதிகம், மக்களோ 2020-இல் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. மூன்றாவது தடை தரவு. 2011 இந்தியக் கணக்கெடுப்பு வேலைக்கு எவ்வளவு தூரம், எந்த வாகனத்தில் போகிறீர்கள் என்று கேட்டது. எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. இருப்பிடமும் பணியிடமும் தெரியாமல் இந்த எல்லையை வரைய இயலாது.

பொது அளவுகோலும் அதன் வரம்பும்

நாட்டுக்கொரு விதி இருந்தால் ஒப்பீடே முடியாது, ஆகவே உலகம் முழுதுக்கும் ஒரே வரையறை வேண்டும் என்பது வலுவான மறுப்பு. இதற்கு விடையாக ஐரோப்பிய ஒன்றியமும் உலக வங்கி, பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு (ஓ.இ.சி.டி.), ஐ.நா. குடியிருப்புத் திட்டம் உள்ளிட்ட அமைப்புகளும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தன, ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2020 மார்ச்சில் அதை ஏற்றுக்கொண்டது. நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிப்பார்கள். கட்டத்துக்கு 1,500 பேராவது வாழும் அடுத்தடுத்த கட்டங்களில் மொத்தம் 50,000 பேர் சேர்ந்தால் அது நகரம். சட்டப் பெயரோ மாநில எல்லையோ இதில் குறுக்கிடாது. 2025-இன் பட்டியல் இந்த வழியில் வந்ததே.

ஒப்பீட்டுக்கு இது பெரிய முன்னேற்றம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே விதி என்பதாலேயே எல்லா இடத்திலும் ஒரே பொருளை அது அளந்துவிடாது. வயலும் பட்டறையும் வீடும் நெருக்கமாகக் கலந்த ஜாவா, வங்காளச் சமவெளி போன்ற நிலப்பரப்புகளைப் பற்றிப் புவியியலாளர் டெரி மெக்கீ முப்பதாண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதினார்: அங்கே நகரம் முடிந்து கிராமம் தொடங்கும் இடம் என்று ஒன்று இல்லை. அடர்த்தியை மட்டும் பார்க்கும் அளவுகோல் அத்தகைய நிலத்தில் கட்டம் கட்டமாக ஊர்ந்து செல்லும். அடர்த்தி திடீரென விழும் இடத்தில் நின்றுவிடும். ஜகார்த்தாவும் டாக்காவும் மேலெழுந்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று. தவிர, கட்டங்களுக்குள் மக்களைப் பகிர்ந்து வைக்கக் கணக்கெடுப்புத் தரவும் செயற்கைக்கோள் காட்டும் கட்டடப் படமும் தேவை. கணக்கெடுப்பு பழையதானால் கட்டமும் பழையதே. 1,500 என்பதும் மனிதர் தேர்ந்த எண்தான். பொது அளவுகோல், 'எங்கே மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள்' என்ற கேள்விக்குச் சிறந்த விடை. 'எது ஒரே பொருளாதாரமாக இயங்குகிறது' என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

எல்லை மாறினால் மாறுவன

இதெல்லாம் புள்ளியியலாளரின் உள்வீட்டுச் சண்டை, நடைமுறையில் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். அறிவியல் முடிவே தலைகீழாவதுண்டு. பெரிய நகரங்களில் ஆளொன்றுக்கான போக்குவரத்துப் புகை குறைகிறதா, கூடுகிறதா என்ற கேள்வியை ரெமி லூஃப், மார்க் பார்தெலெமி ஆகியோர் 2014-இல் அமெரிக்கத் தரவைக் கொண்டு ஆராய்ந்தார்கள். கவுண்டிகளால் ஆன பெருநகர எல்லையை எடுத்தால் பெரிய நகரம் தூய்மையானது. கட்டடத் தொடர்ச்சி எல்லையை எடுத்தால் அதுவே மாசு மிகுந்தது. பணமும் இதில் இருக்கிறது. 2021 ஜனவரியில் அமெரிக்க அரசின் நிர்வாக, வரவுசெலவு அலுவலகம், பெருநகர மையத்துக்கான குறைந்தபட்ச மக்கள்தொகையை 50,000-இலிருந்து ஒரு லட்சமாக்க முன்மொழிந்தது. 144 பகுதிகள் பெருநகரத் தகுதியை இழந்திருக்கும். வரையறை புள்ளியியலுக்கு மட்டுமே, நிதி ஒதுக்க அல்ல என்று அந்த அலுவலகம் எப்போதும் சொல்லிவந்திருக்கிறது. ஆனாலும் நிதி பறிபோகும் என்று அஞ்சிய ஊர்கள் எதிர்த்தன. அதே ஆண்டு ஜூலையில் பழைய வரம்பே நிலைத்தது.

இந்தியச் சட்டமும் சென்னையும்

இந்திய அரசமைப்பில் 1992-இன் 74-ஆவது திருத்தம் சேர்த்த 243-பி (243P) பிரிவு, பத்து லட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நகராட்சிகளோ ஊராட்சிகளோ அடங்கிய பரப்பு என்று பெருநகரப் பகுதியை வரையறுக்கிறது. இறுதிச் சொல் ஆளுநரின் அறிவிக்கையில் இருக்கிறது. ஆகவே கணக்கெடுப்பில் பத்து லட்சத்தைக் கடந்த திரள் ஒன்று, அறிவிக்கை வரும்வரை சட்டத்தின் பார்வையில் பெருநகரமே இல்லை. சென்னைக்கு இப்படிப் பல உருவங்கள். 2011 கணக்கெடுப்பில் அன்றைய மாநகராட்சிக்குள் 46.5 லட்சம், திரளில் 86.5 லட்சம். அவ்வாண்டின் பிற்பகுதியில் 42 உள்ளாட்சிகள் இணைந்து மாநகராட்சி 174-இலிருந்து 426 சதுர கிலோமீட்டரானபோது, அதே கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சமாயிற்று. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அரசாணை அதை 5,904 ஆக்கியது. மாநகராட்சி எல்லை வரிக்கும் வார்டுக்கும். திரள் அன்றைய குடியிருப்பின் பரப்புக்கு. 2022-இன் எல்லை இனி எங்கே கட்டடம் எழும் என்ற எதிர்பார்ப்புக்கு. ஏரியும் வயலும் அடங்கிய அந்தப் பரப்பின் மக்கள்தொகையைச் 'சென்னையின் மக்கள்தொகை' என்று இன்னொரு மாநகராட்சியோடு ஒப்பிட்டால் பிழை.

எல்லைகள் பலவாக இருந்தால் அவரவர்க்கு வசதியானதை எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்ற ஐயம் நியாயமானது. ஒரே எல்லையைத் திணிப்பதால் அது தீராது. திணிப்பவரின் வசதிக்கு அந்த எல்லை வளையும். பயன்தரும் காப்பு இரண்டு. எண்ணோடு விதியும் ஆண்டும் சேர்ந்தே அச்சாக வேண்டும். மலப்புறத்துக்கு அது நடந்திருந்தால் யாரும் மலைத்திருக்க மாட்டார்கள். அடுத்தது, வார்டு, கிராமம், ஒரு கிலோமீட்டர் கட்டம் ஆகிய சிறிய அலகுகளின் தரவும், எங்கிருந்து எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்ற விவரமும் பொதுவில் கிடைக்க வேண்டும். அவை கையிலிருந்தால் வெள்ளவடிகாலைத் திட்டமிடுபவர் ஆற்றுப்படுகை வழியேயும், பேருந்துத் தடம் வகுப்பவர் பயணத்தின் வழியேயும் தத்தம் எல்லையைக் கூட்டிக்கொள்ளலாம். மற்றவர் அதைக் கலைத்துச் சரிபார்க்கலாம்.