எழுத்தாய் வந்த போட்டோ

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மும்பையில் இணையத்தைத் திறந்துவிட்டது. அப்புறம் மாட்டுங்கா ரூமில் நான் வாங்கியது மலிவான ஷெல் கணக்கு. திரையில் எழுத்து மட்டும்தான்; படம் கிடையாது.

சிங்கப்பூர் அக்கா, குழந்தையின் முதல் போட்டோவை மெயிலில் அனுப்பினாள். திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக் குப்பை! பயந்துபோய் அழித்துவிட்டேன்.

அந்தக் குப்பைதான் குழந்தை.

அன்றைய மெயில் பாதைகளில் 7 பிட் எழுத்து மட்டுமே சேதமில்லாமல் போகும். அதற்காக 3 பைட்டை 4 எழுத்தாக்கும் பேஸ்64 முறையை, போரன்ஸ்டைனும் ஃப்ரீடும் 1992-ல் மைம் தரத்தில் சேர்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பருமன் கூடும், போகட்டும். 1998-ல் மாசிண்டர் எழுதிய டேட்டா யூ.ஆர்.எல். தரம், அதே எழுத்துகளை வலைப்பக்கத்துக்குள்ளேயே பதிக்க வழிசெய்தது.

வேடிக்கை என்னவென்றால், எழுத்துரு தகராறால் நாம் அப்போது தமிழ் எழுத்தைப் படமாக்கி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தோம் :-)

இப்போது செம்பூரில் உட்கார்ந்து வலைப்பக்கம் செய்கிறேன். ஜேபெக் படத்தைப் பேஸ்64 ஆக்கினால் சாய்கோடு, 9, ஜே, மறுபடி சாய்கோடு என்றுதான் ஆரம்பிக்கும். பார்க்கும்போதெல்லாம் அந்த மெயில் ஞாபகம் வரும். "குழந்தை உன்னை மாதிரியே இருக்கா" என்று அன்றைக்கு அக்காவுக்குப் பதில் போட்டிருந்தேன். இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.