முகத்துக்கு இறங்கிய முடி

பஞ்சாப் பக்கத்துப் பாகிஸ்தானியக் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு ஒரு குட்டி மாப்பிள்ளையும் வருவது உண்டு. ஆறேழு வயதுப் பையன். மாப்பிள்ளைக்குத் தம்பியாகவோ அக்காள் மகனாகவோ இருப்பான். உருதுவில் ஷாபாலா, பஞ்சாபியில் சர்பாலா. பெரிய மாப்பிள்ளை போட்ட அதே ஷேர்வானி, அதே தலைப்பாகை. பழைய முறையை விடாத வீடுகளில் அவன் நெற்றியிலும் ஒரு ஸெஹ்ரா கட்டிவிடுவார்கள்.

ரோஜாவும் மல்லிகையும் கோத்து, நடுநடுவே ஜரிகை மின்ன, நெற்றியிலிருந்து மார்பு வரை தொங்கும் சரங்கள்தான் ஸெஹ்ரா. கட்டி முடித்ததும் பையனுக்கு உலகமே கோடு கோடாகத் தெரியும். சரம் மூக்கை உரசும்; தும்மல் வரும். இரண்டு கையாலும் பூவை விலக்கி விலக்கித்தான் மாப்பிள்ளையின் அக்கா தங்கைகள் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பணம் கேட்கும் கூத்தை அவன் பார்க்க வேண்டும். பெரியவர்கள் கையில் திணிக்கும் சலாமி நோட்டுகள் இல்லாவிட்டால் எந்தப் பையனும் இதற்கு இசையமாட்டான்.

முகத்தை மறைப்பதால், முகத்தைக் குறிக்கும் ‘சேஹ்ரா’ என்ற சொல்தான் ஸெஹ்ரா என்று திரிந்ததோ என்று தோன்றும். இல்லை. சேஹ்ரா பாரசீகத்திலிருந்து வந்தது. ஸெஹ்ராவுக்கு மூலம் வடமொழிச் ‘சேகரம்’. உச்சி, முடி, தலையில் சூடும் பூமாலை என்பவை அதன் பொருள்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவே மூச்சொலியோடு வரும் வடமொழிக் ககரம் (kh) பிராகிருதத்தில் ஹகரமாக மெலியும். முகம் ‘முஹ’ ஆனது போலவே சேகரம் ‘சேஹர’ ஆகி, பிறகு ஸெஹ்ரா ஆயிற்று. பிறையை முடியில் சூடியவனைச் சந்திரசேகரன் என்கிறோமே, அதே சேகரம்தான். உச்சியில் சூடிய மாலையின் சரங்கள் நீண்டு கண்ணை மறைத்தபோது, பெயரும் கூடவே இறங்கி வந்தது என்று கொள்ளலாம்.

முடியைக் குறித்த சொல் மாப்பிள்ளையிடம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. உருதுவில் அவருக்கு ‘நௌஷா’ என்று ஒரு பெயர் உண்டு. புது ராஜா என்று அர்த்தம். கவிஞர் காலிபையே ஊரார் மிர்ஸா நௌஷா என்றுதான் அழைத்தார்கள்.

அந்தக் காலிபுக்கு ஒரு ஸெஹ்ராவால் சங்கடமும் வந்தது. மாப்பிள்ளையை வாழ்த்திப் பாடும் கவிதைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. 1852இல் முகலாயப் பாதுஷா பகதூர் ஷா ஜஃபரின் மகன் ஜவான் பக்த்துக்கு டெல்லியில் கல்யாணம். காலிப் எழுதிய ஸெஹ்ராவின் கடைசி ஈரடியில் தன்னைப் போல் எழுத யாருண்டு என்ற தொனி இருந்தது. பாதுஷாவின் கவிதை ஆசான் ஜௌக்கைக் குத்துவதாக அரண்மனை எடுத்துக்கொண்டது. ஜௌக் பதிலுக்கு ஒரு ஸெஹ்ரா எழுதினார். காலிப் சமாதானம் சொல்லி இன்னொரு கவிதை எழுத வேண்டியதாயிற்று. கல்யாணத்தில் ஸெஹ்ரா பாடுவதும், அதை அச்சடித்து விருந்தாளிகளுக்குக் கொடுப்பதும் பின்னாளிலும் தொடர்ந்தன.

இப்போது நகரத்து மாப்பிள்ளைகள் பலர் தலைப்பாகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். படத்தில் முகம் தெரிய வேண்டுமே! பூச்சரம் போன இடத்தில் சில வீடுகளில் ரூபாய் நோட்டு மாலை தொங்குகிறது. ஆனால் சொல்லுக்கு வேலை குறையவில்லை. மகனின் ஸெஹ்ராவைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு தாய் சொன்னால், அவன் கல்யாணத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று பொருள். கிரிக்கெட்டில் ஜெயித்த மறுநாள் உருதுப் பத்திரிகைகள் ‘வெற்றியின் ஸெஹ்ரா’ இன்னார் தலைக்கு என்று எழுதும்; பெருமை அவருக்கே சேரும் என்பது கருத்து. அங்கே வரும் சொல் ‘ஸர்’, அதாவது தலை. பூச்சரம் முகத்தில் தொங்கினாலும், புகழைச் சூட்டும்போது உருது அதைச் சேகரம் இருந்த இடத்தில்தான் சூட்டுகிறது.