அறநெறி மாணவியர் வதிவிட முகாம் (மாத்தளை)

சைவ அறநெறிப் பாடசாலைகளில் பயிலும் பதின்ம வயது மாணவியருக்கான விடுமுறைக்காலத் தங்குமுகாம். அறநெறி வகுப்புகள் ஞாயிறு காலைகளில், பெரும்பாலும் கோயில் மண்டபங்களில் நடப்பவை. இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களம் அவற்றைப் பதிவுசெய்து பாடநூல் வழங்குகிறது.

இலங்கையில் கோடை விடுமுறை என்று தனியாக இல்லை. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டும் இடிமழையும் குறுக்கிடும். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை. மழை குறைந்த ஆகஸ்ட் விடுமுறையே மாத்தளைக்குத் தோது. மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் சூழல் மாணவியருக்கு ஏற்கெனவே பழக்கமானது. தேவாரம், கோலம், பூமாலை கட்டுதல் ஆகியவற்றை அங்கே பயிற்றலாம்.

தங்குமிடத்தை மட்டும் கோயில் வளாகத்துக்கு வெளியே, பாடசாலை விடுதி போன்ற இடத்தில் அமைக்க வேண்டும். இது மிக முக்கியம். மாதவிடாய் நாட்களில் கோயிலுக்குள் போகாத வழக்கம் பல வீடுகளில் உண்டு. மண்டபத்திலேயே படுக்கை போட்டால் சில பிள்ளைகள் வராமலே நின்றுவிடுவார்கள். தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், அணையாடை, மூடியுள்ள குப்பைவாளி ஆகியவை பூசைப் பொருட்களுக்கு முன்பே பட்டியலில் ஏற வேண்டியவை.

எல்கடுவ, இறத்தோட்டைப் பகுதித் தோட்டங்களிலிருந்து வருவோருக்கு வாகனமும் துணைக்கு ஆசிரியையும் தேவை. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் பெண் பொறுப்பாளர்களும் தவிர்க்க முடியாதவை. சிறுவர் பாதுகாப்பு முறைப்பாட்டுக்கு 1929, அவசர அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கங்களை மாணவியர் கண்ணில் படும்படி ஒட்டிவைக்க வேண்டும்.