தெருவே அரங்கம்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது பழமொழி. ஆனால், 'இத்தெருவில் உனக்கு இடமில்லை' என்று ஒரு சாராரை மற்றொரு சாரார் தள்ளி வைத்த ஊரில் விழா எவ்வாறு பிறக்கும்? இக்கேள்விக்கு இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் உள்ள நாட்டிங் ஹில் விடை கூறுகின்றது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாத இறுதியில், ஞாயிறும் திங்களுமாக இரண்டு நாள், அங்குள்ள தெருக்கள் எல்லாம் ஆடலும் பாடலுமாக நிறைகின்றன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் திரள்கின்றனர். அவ்விழாவுக்கு வாயிற்கதவும் இல்லை; நுழைவுச் சீட்டும் இல்லை. எனினும், அது பிறந்த கதை களிப்பில் தொடங்கிய கதை அன்று. கல்லெறியில் தொடங்கிய கதை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிரிட்டனில் தொழில் செய்ய ஆட்கள் போதவில்லை. அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மக்கள் வேலை தேடிக் கப்பல் ஏறினர். 1948ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பலிலிருந்து நூற்றுக்கணக்கானோர் டில்பரித் துறைமுகத்தில் இறங்கினர். அவர்களைத் தொடர்ந்து பல்லாயிரவர் வந்தனர். பேருந்துகளிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றினர். உழைப்பை வரவேற்ற நாடு, உழைத்தவரை வரவேற்கவில்லை. கறுப்பு நிறத்தவர் என்ற ஒரே காரணத்தால் அவர்களுக்கு வீடு தர மறுத்தோர் பலர். நாட்டிங் ஹில் போன்ற பகுதிகளில் கிடைத்த வீடுகளோ பாழடைந்தவை. அவற்றுக்கும் வாடகை மிகுதி.

1958 ஆகஸ்டு இறுதியில் அங்கே கலவரம் மூண்டது. வெள்ளை இளைஞர் கூட்டங்கள் கற்களும் தடிகளும் ஏந்திக் கறுப்பின மக்களைத் துரத்தின. அவர்தம் வீட்டுச் சாளரங்களை உடைத்தன. செப்டம்பர் முதல் வாரம் வரையில் அக்கொடுமை நீடித்தது. தாக்கியவருள் ஒன்பது பேருக்கு நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆயினும் அச்சம் தீர்ந்ததா? தன் வீட்டுக்குச் செல்லும் தெருவில் இரவில் நடப்பதற்கும் ஒருவன் அஞ்சவேண்டியிருந்தது.

அவ்வேளையில் முன்வந்தவர் கிளாடியா ஜோன்ஸ் என்னும் பெண்மணி. டிரினிடாட் தீவில் 1915இல் பிறந்தவர். இளமையில் அமெரிக்கா சென்றவர். பொதுவுடைமைக் கொள்கைக்காகச் சிறை சென்று, 1955இல் அந்நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர். இலண்டனில் 'வெஸ்ட் இண்டியன் கெஜட்' என்னும் இதழை 1958இல் தொடங்கினார். அடிபட்ட தம் மக்களுக்கு அவர் கண்ட மருந்து, ஒரு விழா! 1959 ஜனவரி 30ஆம் நாள், செயின்ட் பாங்கிரஸ் நகர மண்டபத்தில், மேற்கிந்தியரின் 'கார்னிவல்' என்னும் களியாட்டு விழாவை நடத்தினார். பி.பி.சி. தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பியது. விழா மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் அபராதம் விதிக்கப்பெற்ற இளைஞர்களுக்கு உதவ ஒதுக்கப்பட்டது. அவ்விளைஞருள் கறுப்பரும் இருந்தனர், வெள்ளையரும் இருந்தனர். பகைத்தவன் பிள்ளைக்கும் பங்கு தந்த பண்பை நாம் மறத்தல் ஆகாது.

துன்பம் சூழ்ந்தபோது களியாட்டா என்று சிலர் வினவலாம். டிரினிடாட்டின் வரலாறு அதற்கு விடை தரும். அங்கே பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் முகமூடி அணிந்து விருந்தாடினர். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. 1838இல் அடிமைத்தளை முற்றிலும் அறுந்ததும், விடுதலை பெற்ற மக்கள் அவ்விழாவைத் தெருவுக்குக் கொணர்ந்து தமதாக்கிக்கொண்டனர். அதனை அடக்க முயன்ற காவற்படையோடு 1881இல் மோதினர். பின்னர் அரசு பறையொலிக்குத் தடை விதித்தது. மக்கள் மூங்கிலை வெட்டி நிலத்தில் மோதித் தாளமிட்டனர். பிறகு தகரப் பெட்டிகளைத் தட்டினர். இறுதியில், கழித்துப்போட்ட எண்ணெய்ப் பீப்பாயின் தலைப்பகுதியைத் தட்டிக் குழித்து, அதிலே சுரங்களை எழுப்பினர். 'ஸ்டீல் பான்' என்னும் எஃகு மேளம் இவ்வாறு பிறந்தது. தடை கண்ட இடத்தில் எல்லாம் புதிய கருவி கண்ட மக்கள் அவர்கள். அவர்களுக்கு விழா என்பது விடுதலையின் நினைவு. வெறும் கேளிக்கை அன்று.

1959 மே மாதத்தில், கெல்சோ காக்ரேன் என்னும் தச்சர், ஆன்டிகுவாவைச் சேர்ந்தவர், நாட்டிங் ஹில் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர்தம் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்டனர். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கிளாடியா ஜோன்ஸ் ஆண்டுதோறும் விழாவை நடத்திவந்து, 1964 டிசம்பரில் மறைந்தார். அவர் நடத்திய விழாக்கள் மண்டபங்களுக்குள் நிகழ்ந்தவை. கல் விழுந்த தெருவிலோ இன்னும் பாட்டு எழவில்லை.

அந்தப் பாட்டு எழுந்தது 1966 செப்டம்பரில். ரோன் லாஸ்லெட் என்னும் சமூகத் தொண்டர், தம் பகுதிக் குழந்தைகளுக்காக ஒரு தெருவிழாவுக்கு ஏற்பாடு செய்தார். அமெரிக்கப் பழங்குடி மரபும் ருஷிய மரபும் கலந்த குடியில் பிறந்தவர் அவர். அங்கு வாழ்ந்த ஐரிஷ்காரர், உக்ரேனியர், ஸ்பானியர், ஆப்பிரிக்கர், மேற்கிந்தியர் ஆகிய எல்லோரையும் அழைத்தார். டிரினிடாட்டைச் சேர்ந்த ரஸ்ஸல் ஹெண்டர்சன் தம் குழுவினருடன் எஃகு மேளம் வாசித்தார். ஓரிடத்தில் நின்று வாசித்தவர்கள், முன்னேற்பாடு ஏதும் இன்றி நடக்கத் தொடங்கினர். குழந்தைகள் பின்தொடர்ந்தனர்; வீட்டினுள் இருந்தோரும் வெளியே வந்து உடன் நடந்தனர். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் துரத்திய தெருவில், மக்கள் ஒரே தாளத்துக்கு நடைபோட்டனர்!

அதனோடு எல்லாப் பகையும் தீர்ந்ததென எண்ணவேண்டா. வீடு வாடகைக்கு விடுவதில் நிறவேற்றுமை காட்டலாகாது என்று சட்டம் வந்தது 1968இல்தான். 1973 முதல் லெஸ்லி பாமர் என்னும் ஆசிரியரின் முயற்சியால் விழா பெருவிழாவாக வளர்ந்தது. எனினும், 1976இல் காவலருக்கும் கறுப்பின இளைஞருக்கும் இடையே பெரும் மோதல் நேர்ந்து நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். விழாவையே நிறுத்திவிட வேண்டும் என்ற குரல் எழுந்தது. மக்கள் அதனைக் கைவிடவில்லை. மறு ஆண்டும் தெருவுக்கு வந்தனர்.

2017 ஜூன் மாதத்தில் அவ்வட்டாரத்தில் இருந்த கிரென்பெல் மாடிக் குடியிருப்பு தீப்பற்றி எரிந்தது. 72 பேர் மாண்டனர். அவ்வாண்டு விழா நடக்கையில், குறித்த நேரத்தில் எல்லா இசையும் நின்றது. ஆடியவர்கள் நின்ற இடத்திலேயே தலைகுனிந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றனர். பின்பு மேளம் மீண்டும் முழங்கிற்று.

மாணவ நண்பர்களே, சீட்டு வாங்கி உள்ளே செல்வோர் பார்வையாளர். தெருவில் கூடுவோர் ஊரார். முன்பின் அறியாதவர் சாவுக்காகவும் அங்கே திரண்டிருந்தோர் தலைகுனிந்தனர் என்றால், அவர்கள் பார்வையாளர் அல்லர், ஊரார். இடமில்லை என்று துரத்தப்பட்டவர்கள் தமக்கு மட்டும் இடம் தேடிக்கொள்ளவில்லை; எல்லோருக்கும் இடமுள்ள ஓர் ஊரையே ஆக்கித் தந்தார்கள்.