அட்டையும் கிராப் தாளும்

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அங்கே ‘மெத்தியே’ என்று ஒரு சொல். தறிக்கும் அதுதான், ஒருவர் செய்யும் தொழிலுக்கும் அதுதான். ஓய்வு பெற்றுச் சேவூருக்குக் குடிவந்த பிறகே அதன் பொருத்தம் புரிந்தது.

பக்கத்து வீட்டுப் பட்டுத் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு அமைத்த முறை. அட்டையில் ஓட்டை இருந்தால் பாவு இழை எழும்பும்; இல்லையென்றால் கிடக்கும். ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை.

“இந்த அட்டைகளில் இருப்பது மயிலா, மாங்காயா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அட்டையப் பாத்து எப்படி சார் சொல்றது? கிராப்பைப் பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கும் இதே சங்கடம் இருந்தது. 1964-இல் ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம் 360’ கம்ப்யூட்டரை அறிவித்தது. அதன் உள்வேலைகளுக்கான புரோகிராம்களைப் பெரும்பாலும் அசெம்பிளர் மொழியில் எழுதினார்கள். ‘இதை எடு, அதைக் கூட்டு, அந்த வரிக்குத் தாவு’ என்று வரிக்கு ஒரு கட்டளை. இயந்திரத்துக்குப் புரியும், படிக்கிறவருக்கு வேலையின் உருவம் தெரியாது.

அப்போது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த சுவிட்சர்லாந்துக்காரர் நிக்லாஸ் விர்த், அந்த இயந்திரத்துக்கென்றே ‘பி.எல். 360’ என்ற மொழியை அமைத்தார். 1968-இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ‘இப்படியிருந்தால் இதைச் செய்’, ‘இது இருக்கும்வரை திரும்பச் செய்’ என்று பத்தி பத்தியாக எழுதலாம். ஆனால் இயந்திரத்தை மூடி மறைக்கவில்லை. அதன் 16 ரிஜிஸ்டர்களையும் பெயர் சொல்லியே கையாள வேண்டும். 2 கூட்டல் 3 பெருக்கல் 4 என்பது பள்ளிக்கூடத்தில் 14, அங்கே 20. இயந்திரம் செய்கிற வரிசையில், இடமிருந்து வலமாகவே கணக்கு. எந்த வரி என்ன கட்டளையாகும் என்று எழுதுகிறவருக்குத் தெரியும். கிராப் தாளும் அப்படித்தான்: கட்டத்துக்குக் கட்டம் அட்டையேதான், ஆனால் கண்ணுக்கு மயில் தெரிகிறது.

ஒரு குறை உண்டு. அந்த மொழி அந்த வகைக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே. விர்த் பின்பு எல்லா இயந்திரத்துக்கும் பொதுவாக பாஸ்கல் மொழியை 1970-இல் வெளியிட்டார்.

நான் குமாஸ்தா. கோப்பில் எழுதும் குறிப்பு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கும் புரிய வேண்டும் என்று பழகியவன். அதனால்தான் விர்த் செய்தது பெரிய காரியமாகப் படுகிறது.

பக்கத்து வீட்டுப் பரணில் அவர் அப்பா காலத்து அட்டைக் கட்டு ஒன்று கிடக்கிறது. பல அட்டைகள் கிழிந்துவிட்டன. கிராப் தாளும் இல்லை, அந்தப் புடவையும் இல்லை. அது என்ன பூ என்று இன்று யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் பழைய கிராப் தாள் இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.